அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியில் வலையமைப்பும் இணையப் பாதுகாப்பும் படிப்பது எப்படி

தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்றால் குறுகிய காலத் தொழிற்பயிற்சி தரும் இடம் என்றே பலரும் எண்ணுவார்கள். அமெரிக்காவில் அந்தப் பெயருக்குப் பொருள் இன்னும் அகலமானது. 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கப்பட்ட இரண்டாண்டுக் கல்லூரியை முன்னோடியாகக் கொண்டு நாடு முழுவதும் பரவிய இந்தக் கல்லூரிகள் இன்று ஏறத்தாழ ஆயிரம் உள்ளன. பல்கலைக்கழகப் பட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுகளையும், நேராக வேலைக்கு அனுப்பும் தொழிற்படிப்பையும் அவை ஒரே வளாகத்தில் நடத்துகின்றன. நுழைவுத் தேர்வு கிடையாது. பதினெட்டு வயது மாணவருக்குப் பக்கத்து இருக்கையில் ஐம்பது வயது அஞ்சல் ஊழியர் உட்கார்ந்திருப்பார்.

மின்னணுப் பொறியியல் படித்துவிட்டு, கணவரின் வேலையை ஒட்டி எச்-4 விசாவில் கலிபோர்னியாவுக்கு வந்த நான், சில ஆண்டுகள் வீட்டில் இருந்த பிறகு மாலை வகுப்புகளாக இந்தப் படிப்பை முடித்தேன். வேலை அனுமதி கிடைத்ததும் அதே கல்லூரியின் வலையமைப்பு ஆய்வகத்தில் உதவியாளராகவும் இருந்தேன். அங்கே பருவத்துக்குப் பருவம் ஒரே காட்சியைத்தான் பார்த்தேன். புதிதாக வருபவர் முதல் பருவத்திலேயே அனுமதியோடு ஊடுருவிச் சோதிக்கக் கற்றுத்தரும் எத்திகல் ஹேக்கிங் வகுப்பில் சேர்வார். பாதுகாப்புச் சோதனைக் கருவிகள் நிறைந்த காளி லினக்ஸ் இயங்குதளத்தில் ஏதோ ஒரு கருவியை ஓட்டுவார். திரையில் ஓடும் வரிகளில் ஐபி முகவரி (வலையமைப்பில் கணினியின் எண்) எது, போர்ட் எண் (அதில் இயங்கும் சேவையின் எண்) எது என்று பிரித்தறியத் தெரியாமல் நான்காவது வாரத்தில் வகுப்பை விட்டுவிடுவார். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது எல்லாமே ஒரு வகையில் அந்த ஒரு தவற்றைத் தவிர்ப்பதற்காகத்தான்: வலையமைப்பு முதலில், பாதுகாப்பு அதன் மேல்.

ஏன் அப்படி என்பதற்கு 2013-இன் இறுதியில் டார்கெட் என்ற அமெரிக்கப் பெருங்கடைகளில் நடந்த திருட்டு நல்ல சான்று. ஏறத்தாழ நான்கு கோடி கடன், பற்று அட்டைகளின் விவரங்கள் களவு போயின. திருடர்கள் கடைகளின் பணப்பெட்டிக் கணினிகளை நேராகத் தாக்கவில்லை. குளிர்பதன வேலை செய்துவந்த ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் கடவுச்சொல்லைத் திருடி, ஒப்பந்தக்காரர்களுக்காகத் திறந்திருந்த வழியாக நுழைந்து, உள்ளுக்குள்ளேயே நகர்ந்து பணப்பெட்டிகளை அடைந்தார்கள். முதல் கதவைத் திறந்தது திருட்டுக் கடவுச்சொல்தான் என்றாலும், அங்கிருந்து பணப்பெட்டி வரை போக முடிந்தது வலையமைப்பு சரியாகப் பிரிக்கப்படாத குறையால். கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஸ்விட்ச் என்ற கருவியை வி-லேன்கள் என்ற தனித்தனி வலையமைப்புகளாகப் பிரித்து, எந்த வி-லேனிலிருந்து எதற்குப் போகலாம் என்று விதி எழுதிப் பார்த்தவருக்கு அந்தக் குறை உடனே புரியும். பாதுகாப்புப் பாடத்தை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அது வெறும் செய்தியாகவே நின்றுவிடும்.

எந்தப் பட்டம், யாருக்கு

கல்லூரியின் படிப்புப் பட்டியலில் ஒரே துறையின் பெயரில் மூன்று விதமான படிப்புகள் இருக்கும். அசோசியேட் ஆஃப் சயன்ஸ் என்பது ஏறத்தாழ அறுபது கிரெடிட் (பாடங்களை அளக்கும் அலகு) கொண்ட இரண்டாண்டுப் பட்டம். பிறகு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர நினைப்பவர்களுக்கு ஏற்றது. அசோசியேட் ஆஃப் அப்ளைடு சயன்ஸ் என்பதும் இரண்டாண்டுதான், ஆனால் வேலையையே இலக்காகக் கொண்டது; அதில் படித்த தொழிற்பாடங்கள் பலவற்றைப் பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. மூன்றாவது, சான்றிதழ்ப் படிப்பு. பொதுப் பாடங்கள் எதுவும் இல்லாமல் துறைப் பாடங்களை மட்டும் படித்து ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் முடிப்பது.

முதல் இரண்டின் பெயரிலும் ஒரு சொல்தான் வேறுபாடு, விளைவிலோ ஓராண்டு வேறுபாடு. வேறொரு மாநிலத்தில் அப்ளைடு பட்டம் முடித்துவிட்டு எங்கள் ஊருக்கு வந்த வகுப்புத் தோழர் ஒருவருக்கு, "எல்லாம் மாறும், கவலைப்படாதீர்கள்" என்று அவருடைய பழைய கல்லூரியின் கவுன்சிலர் (படிப்பு ஆலோசகர்) வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். இங்கே விண்ணப்பித்தபோது அவர் படித்த அறுபது கிரெடிட்டில் பாதிக்கும் குறைவாகவே ஏற்கப்பட்டது. ஆகவே கவுன்சிலரிடம் போகும்போது, நீங்கள் சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தோடு எழுத்தில் உள்ள பாட ஏற்பு ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். கலிபோர்னியாவில் இதற்காகவே அசிஸ்ட் என்ற இணையத்தளம் இருக்கிறது. எந்தச் சமுதாயக் கல்லூரியின் எந்தப் பாடம், மாநிலப் பல்கலைக்கழகங்களில் எதற்கு ஈடாகும் என்பதை அதில் வரிக்கு வரி பார்க்கலாம். ஏற்பு ஒப்பந்தங்கள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால், சேர்ந்த ஆண்டின் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே இந்தியாவிலோ இலங்கையிலோ பட்டம் பெற்றவர்களுக்கு, என்னுடைய கருத்தில், இரண்டாண்டுப் பட்டம் தேவையில்லை. உங்கள் பட்டத்தை மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மூலம் அமெரிக்கப் பட்டத்துக்கு ஈடானது என்று சான்று பெற்றுவிட்டு, துறைப் பாடங்களை மட்டும் சான்றிதழ்ப் படிப்பாக முடிப்பதே காலத்துக்கும் பணத்துக்கும் நல்லது. முன்தேவைப் பாடங்களிலிருந்து விலக்கு பெறவும் அந்தச் சான்று உதவும். ஆனால் விலக்கு கிடைக்கிறது என்பதற்காக அடிப்படை வலையமைப்பு வகுப்பைத் தாண்டிவிடாதீர்கள், பொறியியல் கல்லூரியில், வலையமைப்பின் வேலையைப் பகுத்துக் காட்டும் ஓ.எஸ்.ஐ. ஏழு அடுக்குகளையும் ஒப்பித்து மதிப்பெண் வாங்கிய நான், ஒரு ஸ்விட்சின் கன்சோல் கம்பியை எங்கே செருகுவது என்று தெரியாமல்தான் இங்கே முதல் நாள் நின்றேன்.

கல்லூரியை எடைபோடுவது

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லூரியே போதுமானதாக இருக்கலாம், ஆனால் சேருவதற்கு முன் சிலவற்றைப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையான என்.எஸ்.ஏ., இணையப் பாதுகாப்புக் கல்வியில் தேர்ந்த மையங்கள் என்று கல்லூரிகளுக்கு அங்கீகாரம் அளித்து வருகிறது. இரண்டாண்டுக் கல்லூரிகளும் இந்தப் பட்டியலில் உள்ளன. இந்த அங்கீகாரம் கல்லூரியின் பெயருக்கு மட்டுமல்லாமல் அதன் குறிப்பிட்ட பாடத்திட்டத்துக்கும் தரப்படுவது என்பதால், நீங்கள் சேரப்போகும் படிப்புதான் அதில் அடங்குகிறதா என்று கேட்க வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தின் வாட்கம், மேரிலாந்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ், இல்லினாயின் மொரெய்ன் வேலி ஆகிய சமுதாயக் கல்லூரிகள் இந்தத் துறையில் நெடுநாள் பெயர் பெற்றவை. தங்கள் மாணவர்களோடு நில்லாமல் பிற கல்லூரிகளின் ஆசிரியர்களுக்கும் பயிற்சியளிக்கும் மையங்களாகச் செயல்பட்டவை.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் அகாடமியில் கல்லூரி உள்ளதா என்பது. 1997-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சி.சி.என்.ஏ. என்ற சிஸ்கோ சான்றிதழுக்கான பாடம் மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது: வலையமைப்பு அறிமுகம், ஸ்விட்சிங்கும் ரவுட்டிங்கும், நிறுவன வலையமைப்பும் அதன் பாதுகாப்பும். சில கல்லூரிகள் முதல் வகுப்பை மட்டும் நடத்திவிட்டு மற்ற இரண்டையும் பட்டியலில் பெயருக்கு வைத்திருக்கும். கடந்த மூன்று பருவங்களின் வகுப்பு அட்டவணை பொதுவாக இணையத்திலேயே கிடைக்கும். மூன்றாவது வகுப்பு உண்மையில் நடந்ததா, மாணவர் எண்ணிக்கை குறைவு என்று கைவிடப்பட்டதா என்பதை அதில் பார்த்துவிடலாம்.

மூன்றாவது, ஆய்வகம். முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போய், ஐந்து நிமிடம் உள்ளே நின்று பாருங்கள். அலமாரியில் ரவுட்டர்களும் (வலையமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் கருவிகள்) ஸ்விட்சுகளும் இருந்து, கம்பிகள் செருகியும் கழற்றியும் சிக்கலாகக் கிடந்தால் மாணவர்கள் அவற்றைத் தொடுகிறார்கள் என்று பொருள். கம்பிகள் அழகாகக் கட்டப்பட்டு, கண்ணாடிக் கதவு பூட்டியிருந்தால் அது விருந்தினருக்குக் காட்டுவதற்கான அலமாரி. வகுப்புக்கு வெளியே ஆய்வகம் எத்தனை மணி நேரம் திறந்திருக்கும் என்றும், வீட்டிலிருந்தே கருவிகளை இயக்கும் வசதி உண்டா என்றும் கேளுங்கள்.

ஆசிரியர்களில் பெரும்பாலோர் பகுதிநேரத்தவராக இருப்பார்கள் என்பதைக் குறையாக எண்ண வேண்டாம். பகலில் ஏதோ ஒரு மருத்துவமனையின் வலையமைப்பைக் கவனித்துவிட்டு, மாலை ஆறரை மணிக்கு வகுப்பெடுக்க வருபவரிடம் கிடைக்கும் பாடம் வேறு வகையானது. அன்று காலை எந்த இணைப்பு அறுந்தது, எப்படிக் கண்டுபிடித்தார் என்பதிலிருந்தே அவர் தொடங்குவார்.

விசாவும் கட்டணமும்

கலிபோர்னியாவில் மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு (கிரெடிட்டுக்கு இங்கே வழங்கும் பெயர்) 46 டாலர்; மூன்று யூனிட் வகுப்பு ஒன்று 138 டாலரில் முடிந்துவிடும். மாநிலவாசி அல்லாதவர்களுக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் இதே வகுப்பு பல மடங்கு ஆகும். எச்-4 விசாவில் இருப்பவர்கள் மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் இல்லாமலேயே முழுநேரமோ பகுதிநேரமோ படிக்கலாம். கலிபோர்னியாவில் ஓராண்டுக்கு மேல் வசித்ததற்கான ஆவணங்கள் இருந்தால் மாநிலவாசிக் கட்டணத்துக்கும் தகுதி பெறலாம். வாடகை ஒப்பந்தம், வருமான வரிப் படிவம், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றில் உங்கள் பெயரும் இருக்கும்படி முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் கணவர் பெயரிலேயே இருந்ததால் நான் ஒரு பருவம் வெளிமாநிலக் கட்டணம் கட்டினேன்.

எச்-4-இல் படிக்கத் தடையில்லை, வேலை செய்வதற்குத் தடை உண்டு. துணைவருக்கு ஐ-140 (பசுமை அட்டைக்காக நிறுவனம் தரும் மனு) ஒப்புதல் கிடைத்திருப்பது போன்ற நிபந்தனைகளின் கீழ் 2015 முதல் வழங்கப்படும் வேலை அனுமதி அட்டை கையில் வரும்வரை, சம்பளமில்லாப் பயிற்சி வேலைக்கும் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருபவர்களுக்கு விதிகள் இறுக்கமானவை. பருவத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு கிரெடிட் படிக்க வேண்டும். அதில் இணைய வழி வகுப்பு ஒன்று மட்டுமே கணக்கில் சேரும். இந்தத் துறையின் வகுப்புகளில் பாதிக்கு மேல் இணைய வழியாகவே நடக்கும் கல்லூரிகள் பல உள்ளன என்பதால், சேருவதற்கு முன் நேரடி வகுப்புகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்ற வேலை அனுமதி பன்னிரண்டு மாதம் கிடைக்கும். அறிவியல், தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்கான கூடுதல் இருபத்து நான்கு மாதம் இளநிலைப் பட்டமோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்குத்தான். அசோசியேட் பட்டத்துக்குக் கிடையாது. முகவர்கள் பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எஃப்-1 மாணவர் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால், சமுதாயக் கல்லூரியை இரண்டாண்டுப் படியாக மட்டும் கொண்டு பல்கலைக்கழகத்துக்கு மாறிவிடும்படிதான் சொல்வேன்.

குடிமக்களும் பசுமை அட்டை உள்ளவர்களும் மத்திய அரசின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அவர்களுக்கு மட்டும் உரிய இன்னொரு வாய்ப்பு, தேசிய அறிவியல் அறக்கட்டளை நடத்தும் சைபர்கார்ப்ஸ் உதவித்தொகை. படிப்புச் செலவோடு வாழ்க்கைச் செலவுக்கான படியும் தந்து, எத்தனை காலம் உதவி பெற்றாரோ அத்தனை காலம் அரசுத் துறையில் வேலை செய்ய வேண்டும் என்பதே அதன் நிபந்தனை.

வகுப்புகளின் வரிசை

முதல் பருவத்தில் வலையமைப்பு அறிமுகமும் லினக்ஸும் போதும். இந்த இரண்டோடு பட்டத்துக்கான ஆங்கிலக் கட்டுரை வகுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வகுப்பை வேண்டாத சுமையாகக் கருதிக் கடைசிவரை தள்ளிப்போடுவது நம் பிள்ளைகளின் வழக்கம். ஆனால் பாதுகாப்புத் துறையில் அன்றாட வேலையின் பெரும்பகுதி நடந்ததை எழுதி வைப்பதுதான். எத்தனை மணிக்கு எந்த எச்சரிக்கை வந்தது, எதைப் பார்த்தேன், ஏன் அதை மூடினேன் என்று தெளிவாக நான்கு வரி எழுதத் தெரியாதவருக்கு வேலையில் உயர்வு வராது.

இரண்டாம் பருவத்தில் ஸ்விட்சிங்கும் ரவுட்டிங்கும், கூடவே பைத்தான் நிரல்மொழி. மூன்றாம் பருவத்தில் விண்டோஸ் சர்வரும், காம்ப்டியா அமைப்பின் செக்யூரிட்டி பிளஸ் சான்றிதழ்த் தேர்வை ஒட்டிய பாதுகாப்பு அறிமுகமும். எத்திகல் ஹேக்கிங், தடயவியல், மேகக் கணினிப் பாதுகாப்பு போன்ற விருப்பப் பாடங்களெல்லாம் நான்காம் பருவத்துக்குத்தான். இந்த வரிசையை முதல் வாரத்திலேயே கவுன்சிலரோடு உட்கார்ந்து எழுதிக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு: பல கல்லூரிகளில் இரண்டாம் நிலை வகுப்புகள் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும். வசந்தப் பருவத்தில் மட்டும் நடக்கும் வகுப்பைத் தவறவிட்டால் அடுத்த வசந்தம் வரை காத்திருக்க வேண்டியதுதான். வகுப்பு நிறைந்துவிட்டது என்று காட்டினாலும் காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டு முதல் நாள் நேரில் போய் நில்லுங்கள்; அன்று வராதவர்களை ஆசிரியர் நீக்குவார், அந்த இடம் நின்றவர்களுக்குக் கிடைக்கும். நான் ரவுட்டிங் வகுப்பில் சேர்ந்தது அப்படித்தான்.

ஆய்வகத்தில் செலவிடும் மணிகள்

வலையமைப்பு அறிமுக வகுப்பில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம், ஒரு வலையமைப்பைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட்டிங். இருமக் கணக்கு என்றதும் பலருக்குக் கை நடுங்குகிறது. நான் அதை மனை பிரிப்பதாகவே சொல்லிக்கொடுப்பேன். 192.168.10.0 என்ற நிலத்தில் 256 முகவரிகள் உள்ளன. /26 என்றால் அதை 64 முகவரிகள் கொண்ட நான்கு மனைகளாகப் பிரித்துவிட்டோம். அவை 0, 64, 128, 192 ஆகிய எண்களில் தொடங்குகின்றன. ஒவ்வொரு மனையிலும் முதல் எண்ணும் கடைசி எண்ணும் எல்லைக் கற்கள் மாதிரி, அவற்றின் மேல் வீடு கட்ட முடியாது: முதல் எண் மனையின் பெயர், கடைசி எண் மனையில் உள்ள எல்லோரையும் ஒரே குரலில் கூப்பிடுவதற்கானது. மீதி 62 முகவரிகளில்தான் கணினிகள் குடியிருக்கும். இப்போது 192.168.10.77 எந்த மனையில் இருக்கிறது? 64-இல் தொடங்கி 127-இல் முடியும் இரண்டாவது மனையில். 192.168.10.130? மூன்றாவது மனையில். இந்த இரண்டு கணினிகளும் ஒரே மேசையில், ஒரே ஸ்விட்சில் செருகப்பட்டிருந்தாலும், இடையில் ரவுட்டர் இல்லாமல் பேசிக்கொள்ள முடியாது. ஆய்வகத்தில் "பிங் போகவில்லை" என்று, அதாவது எதிர்முனைக் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை தோற்றதாக, என்னைக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேரின் சிக்கல் இதுதான். மீதிப் பேரில் பலருக்கு, கம்பியும் முகவரியும் சரியாகவே இருந்து, எதிர்முனைக் கணினியின் தடுப்புச் சுவரான விண்டோஸ் ஃபயர்வால்தான் பிங்கைத் தடுத்துக்கொண்டிருக்கும். தினமும் பத்துக் கணக்கு, மூன்று வாரம். அதற்குப் பிறகு தாள் இல்லாமலே வரும்.

அடுத்து, வலையமைப்பில் ஓடும் தரவைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் செயலியை முதல் பருவத்திலேயே திறந்து பழகுங்கள். ஒவ்வொரு மாணவரையும் நான் செய்யச் சொல்லும் பயிற்சி ஒன்று உண்டு. உங்கள் சொந்த ஆய்வகத்தில் இரண்டு கணினிகளுக்கிடையே, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் பழைய முறையான டெல்நெட் வழியாக உள்நுழைந்து, அந்தப் போக்குவரத்தைப் பிடித்து, முழு உரையாடலையும் ஒரே திரையில் காட்டச் சொல்லுங்கள். பயனர் பெயரின் ஒவ்வோர் எழுத்தும் இரண்டிரண்டாகத் தெரியும். ஏனென்றால் நீங்கள் தட்டிய எழுத்தை எதிர்முனை உங்கள் திரையில் காட்டுவதற்காகத் திருப்பி அனுப்புகிறது. கடவுச்சொல்லைத் திரையில் காட்டக் கூடாது என்பதால் அதை மட்டும் திருப்பி அனுப்புவதில்லை; ஆகவே ஒளித்து வைக்க வேண்டிய அந்தச் சொல்தான் மொத்த உரையாடலிலும் இரட்டிப்பு இல்லாமல், படிக்க மிக எளிதாக நிற்கும். பிறகு அதையே, எல்லாவற்றையும் ரகசியக் குறியாக மாற்றி (மறையாக்கி) அனுப்பும் எஸ்.எஸ்.ஹெச். வழியாகச் செய்து பாருங்கள். தொடக்கத்தில் இரு முனைகளும் எந்த மறையாக்க முறை என்று பேசிக்கொள்வது தெரியும், அதன் பின் எல்லாம் புரியாத எழுத்துகளாகிவிடும். மறையாக்கம் எதற்கு என்ற அத்தியாயத்தை இதற்குப் பிறகு படித்தால் அரை மணியில் முடிந்துவிடும்.

பேக்கெட் டிரேசர் என்ற சிஸ்கோவின் பாவனைச் செயலி இலவசம். பாதிப் பயிற்சியை அதிலேயே செய்யலாம். இருந்தாலும் உண்மைக் கருவியைத் தொட்டால்தான் சில பாடங்கள் மனத்தில் ஏறுகின்றன. இரண்டாம் பருவத்தில் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து மூன்று ஸ்விட்சுகளில் வி-லேன்களைப் பிரித்து, போர்ட்டுகளை (கம்பி செருகும் துளைகளை) ஒதுக்கி, எல்லாம் இயங்குகிறது என்று மகிழ்ந்து மின்சாரத்தை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த வாரம் வந்து பார்த்தால் வி-லேன்களின் பெயர்கள் மட்டும் இருந்தன. எந்தப் போர்ட் எதில் என்ற ஒதுக்கீடு முழுவதும் போய்விட்டது. இயங்கும் அமைப்பைத் தொடக்க அமைப்பாக நகலெடுக்கும் ஒற்றை வரிக் கட்டளையை நான் தரவில்லை. வி-லேன் பட்டியல் ஃபிளாஷ் நினைவகத்தில் தனிக் கோப்பாக இருப்பதால் அது மட்டும் தப்பியது. எது எங்கே சேமிக்கப்படுகிறது என்பதைப் புத்தகத்தில் இரண்டு முறை படித்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

வீட்டில் பழகுவதற்குப் பதினாறு ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினி ஒன்றும், ஒரே கணினிக்குள் பல கணினிகளை இயக்கும், இலவசமாகக் கிடைக்கும் வர்ச்சுவல்பாக்ஸும் போதும். அதில் உபுண்டு சர்வர் ஒன்று, காளி லினக்ஸ் ஒன்று, வேண்டுமென்றே ஓட்டைகளோடு உருவாக்கப்பட்ட மெட்டாஸ்பிளாய்டபிள் ஒன்று என மூன்று மெய்நிகர்க் கணினிகளை அமைக்கலாம். மூன்றாவதை வெளி இணையத்தோடு இணைக்கவே கூடாது. கணினிக்குள்ளேயே அடங்கும் ஹோஸ்ட்-ஒன்லி வலையமைப்பில் வையுங்கள்.

இங்கே சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1986-ஆம் ஆண்டின் கணினி மோசடி, முறைகேட்டுச் சட்டத்தின்படி அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவது கூட்டாட்சிக் குற்றம். "சும்மா பார்த்தேன்" என்பது எதிர்வாதமாகாது. கல்லூரியின் வைஃபையும் உங்கள் ஆய்வகத்துக்கு வெளியே உள்ளதுதான், அனுமதியின்றி அதை ஸ்கேன் செய்து பார்க்காதீர்கள். விசாவில் இருப்பவர்களுக்கு ஒழுங்கு நடவடிக்கையோடு முடிந்துவிடாது. கை துறுதுறுவென்றிருந்தால் அதற்கென்றே போட்டிகள் உள்ளன: கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பிகோ சி.டி.எஃப். இலவசம், நேஷனல் சைபர் லீக் என்ற போட்டி வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கல்லூரி மாணவர்களுக்காக நடக்கிறது, முடிவில் எந்தப் பிரிவில் எத்தனை விழுக்காடு சரி என்ற அறிக்கையும் தருகிறது. அந்த அறிக்கையை விண்ணப்பத்தோடு இணைக்கலாம்.

சான்றிதழ்த் தேர்வுகள்

வகுப்பு முடிந்த ஆறு வாரத்துக்குள் அந்தப் பாடத்தின் தேர்வை எழுதிவிடுவது என் வழக்கம். தள்ளிப்போட்டவர்கள் மறுபடி முதலிலிருந்து படித்ததைப் பார்த்திருக்கிறேன். கையில் பணம் குறைவாக இருந்தால் இரண்டே இரண்டு தேர்வுகளை எழுதுங்கள்: சி.சி.என்.ஏ.வும் காம்ப்டியாவின் செக்யூரிட்டி பிளஸும். சி.சி.என்.ஏ.வுக்குப் படித்தவர், காம்ப்டியாவின் வலையமைப்புத் தேர்வான நெட்வொர்க் பிளஸை விட்டுவிடலாம். கணினியைத் திறந்து பார்த்தே பழக்கமில்லாதவருக்கு மட்டும், இரண்டு தாள்கள் கொண்ட ஏ பிளஸ், உதவி மைய வேலைக்குக் கைகொடுக்கும்.

செக்யூரிட்டி பிளஸ் தேர்வில் அதிகபட்சம் 90 கேள்விகள், 90 நிமிடம். 100 முதல் 900 வரையுள்ள அளவில் 750 பெற வேண்டும். எஸ்.ஒய்.0-701 பதிப்பு 2023 நவம்பரில் வந்தது. அதில் பாதுகாப்பு நடைமுறைகள் என்ற பகுதிக்கு மட்டும் 28 விழுக்காடு. தொடக்கத்தில் வரும் செய்முறைக் கேள்விகளைக் குறித்து வைத்துவிட்டு, மற்றவற்றை முடித்த பிறகு அவற்றுக்குத் திரும்பலாம். சி.சி.என்.ஏ.வில் அது நடக்காது: 120 நிமிடத் தேர்வு, ஒரு கேள்வியைக் கடந்தால் கடந்ததுதான். கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருக்கும்போதே சலுகைச் சீட்டு வாங்கிவிடுங்கள். நானூறு டாலருக்கு மேல் விலையுள்ள செக்யூரிட்டி பிளஸ் சீட்டை மாணவர்கள் கணிசமாகக் குறைந்த விலையில் பெற முடியும். இரண்டு சான்றிதழ்களும் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும்.

வேலை தேடும்போது

தகவல் பாதுகாப்பு ஆய்வாளர் பணிக்கு வழக்கமான தகுதி இளநிலைப் பட்டம் என்றே அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை குறிப்பிடுகிறது. ஆகவே இரண்டாண்டுப் பட்டத்தோடு வெளியே வருபவர் முதல் நாளே அந்தப் பெயர்ப்பலகையை எதிர்பார்க்கக் கூடாது. உதவி மையம், வலையமைப்புக் கண்காணிப்பு மையம், பள்ளி மாவட்டங்களின் தொழில்நுட்பப் பிரிவு, சிறு நிறுவனங்களுக்குக் கணினிச் சேவை தரும் ஒப்பந்த நிறுவனங்கள் ஆகியவைதான் வாசல். அமெரிக்க ராணுவத் துறையின் ஒப்பந்த நிறுவனங்கள் செக்யூரிட்டி பிளஸ் கேட்கும் விளம்பரங்களை நிறையப் பார்ப்பீர்கள்; அவற்றில் பெரும்பாலானவை குடியுரிமையையும் கேட்கும். விசாவில் இருப்பவர்கள் விளம்பரத்தின் கடைசிப் பத்தியை முதலில் படிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

முதல் பருவத்திலிருந்தே ஆய்வகக் குறிப்பேடு ஒன்றை வைத்திருங்கள். தேதி, வலையமைப்பின் படம், என்ன உடைந்தது, எதை எதைச் சோதித்தேன், எது தீர்த்தது என்பது போதும். என்னுடைய முதல் நேர்காணலில், கிளை அலுவலகம் ஒன்றில் மின்தடைக்குப் பிறகு பாதிக் கணினிகள் வலையமைப்பில் இல்லை, எங்கிருந்து தொடங்குவீர்கள் என்று கேட்டார்கள். நான் குறிப்பேட்டில் அந்த மூன்று ஸ்விட்சுகளின் பக்கத்தைத் திருப்பி மேசையில் வைத்தேன். கேட்டவர் படத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "வி-லேன் பெயர்கள் மட்டும் ஏன் போகவில்லை?" என்றார். அடுத்த அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம்.